தலைப்பிரசவத்துக்கு ஏலகிரி போன செடி

"இன்னாம்மா இது, செடியா? லக்கேஜ் டிக்கெட் போடணுமே!" என்றார் கண்டக்டர்.

2022-ம் வருஷம் செப்டம்பர் மாதம். பொன்னேரியில் ஏலகிரி பஸ் ஏறி, காலுக்கு நடுவில் ஒரு தொட்டியை இடுக்கிக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி, வாணியம்பாடியிலிருந்து பொன்னேரி, அங்கிருந்து மலை. மூன்று பஸ் மாறியும் ஒரு இலைகூட ஒடியாமல் கொண்டு வந்திருந்தேன். "டிக்கெட் போட்டுக்குங்க சார், இது பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகுது" என்று சொல்லி விட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்காமல் என்ன செய்வாள்?

அந்தச் செடியின் பெயர் ஹைட்ரேஞ்சியா. ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். வேலியோரமாகப் புதர் மாதிரி வளர்ந்து, ஒரு கொத்து ஒரு சிறு பூசணிக்காய் அளவுக்கு நீலமாகப் பூத்துக் கிடக்கும். பெயர் தெரியாமல் 'பந்துப்பூ' என்று சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான்.

2018 மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டிக்குக் குடும்பத்தோடு போனோம். 1848-ல் ஆரம்பித்த தாவரவியல் பூங்கா அது. ரோஜாவும் டேலியாவும் கண்ணைப் பறிக்க, எங்கள் அத்தை (என் மாமியார்) மட்டும் ஒரு ஓரத்தில் இந்த நீலப்பூவின் முன்னால் நின்று விட்டார். எத்தனை கூப்பிட்டும் நகரவில்லை. ஆயுசில் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று கேட்டவரே இல்லை அவர். அன்றைக்கு, "இதுல ஒண்ணு நம்ம வீட்டுக்கு வாங்கிக்கலாமா?" என்றார். பூவோடு ஒரு செடி வாங்கினோம். ரயிலில் ஊர் வந்து சேர்வதற்குள் பூ வதங்கி விட்டது. "அடுத்த வருஷம் பூக்கும், விடுங்க அத்தை" என்று தேறுதல் சொன்னேன்.

அடுத்த வருஷமும் பூக்கவில்லை, அதற்கடுத்த வருஷமும் பூக்கவில்லை.

எங்கள் ஆம்பூரைப் பற்றித் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். பிரியாணி என்பீர்கள், செருப்பு, ஷூ என்பீர்கள். இரண்டும் சரிதான். காலை வேளையில் தெருவில் நின்று பார்த்தால், ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் டிபன் டப்பாவும் கையுமாக சாரி சாரியாகப் போவார்கள். எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிவது தோலால்தான். ஆகையால் தோலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தண்ணீர்? அதைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் செடியின் கதையைச் சொல்ல முடியாது.

அத்தை சிறு பெண்ணாக இருந்தபோது பாலாற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, சொம்பில் மொண்டு குடம் நிரப்புவார்களாம். 'கற்கண்டுத் தண்ணி' என்பார். அந்தக் காலத்தில் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையால். ஆம், பொங்கலுக்கு நாம் கட்டுகிறோமே, அந்த மஞ்சள் ஆவாரம்பூச் செடியின் பட்டைதான். பிறகு, 1970-களுக்கு மேல் குரோம் உப்பில் பதனிடுவது பெருகியது. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் சாதா உப்பும், பதனிடும் ரசாயனமும் கழிவாக நிலத்துக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேர்ந்தன. கிணறெல்லாம் உவர்த்து, வயலெல்லாம் பாழாகி, கடைசியில் 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது பாடமாம்! கழிவைச் சுத்தம் பண்ணுகிற பொது நிலையங்கள் வந்தன. அதற்குப் பிறகும் ஆறு பழைய ஆறாக ஆகவில்லை. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடியும் ஒரு தீர்ப்புக் கொடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடும், ஆற்றைச் சீர்படுத்தக் குழுவும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நிலத்தில் ஒருமுறை இறங்கிய உப்பு, நாம் போ என்றால் போய்விடுமா?

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க, சமைக்க ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறோம். அந்த மெஷின் ஒரு பக்கம் நல்ல தண்ணீரும், இன்னொரு குழாயில் வேண்டாத தண்ணீருமாக விடும் அல்லவா? 'வீணாகப் போகிறதே' என்று அந்த வேண்டாத தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றினேன். சிக்கனமான மனுஷி என்று எனக்கே என் மேல் பெருமை. கனகாம்பரம் பொறுத்துக் கொண்டது, அரளி கேட்கவே வேண்டாம். ஹைட்ரேஞ்சியா மட்டும் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, நடு இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக, சீக்காளிக் குழந்தை மாதிரி நின்றது. பிறகு யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மெஷின் வடிகட்டிய உப்பெல்லாம் எங்கே போகும்? அந்த வேண்டாத தண்ணீரில்தானே இருக்கும்! போர் தண்ணீரை விடவும் அதில் உப்பு ஜாஸ்தி. எந்தத் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று மெஷின் ஒதுக்கியதோ, அதையே பிடித்துப் பிடித்து ஊற்றியிருக்கிறேன்.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்காது. "குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல ஊட்டிச் செடி கேட்குதா?" என்பார். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற அன்றைக்கு இரண்டு சொம்பு அதற்கு ஊற்றினால், வாசலில் ஒரு சின்ன மகாபாரதமே நடக்கும். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒளித்து ஊற்றுவேன்.

இதற்கிடையில் 2020-ல் அத்தை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தாலும் வாசல் தாண்டுவது கஷ்டமாகி விட்டது. ஊட்டியாவது, இன்னொரு பயணமாவது! "அந்த நீலப்பூ வந்ததா?" என்று மட்டும் மாதம் ஒரு தரம் கேட்பார். எனக்கு அப்போதெல்லாம் சுருக்கென்றிருக்கும்.

2021 நவம்பரில் அடித்த மழையை எங்கள் ஜில்லாக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பாலாற்றில் கரை கொள்ளாமல் வெள்ளம்! ஊரே பாலத்துக்குப் போய் வேடிக்கை பார்த்தது. அந்த ஒரு மாதம் செடிக்கு நான் சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, வானம் பார்த்துக் கொண்டது. மாதக் கடைசியில் பார்த்தால், புதிதாக விட்ட இலையெல்லாம் பளபளவென்று கரும்பச்சை! அப்போதுதான் எனக்கு உறைத்தது, நோய் செடிக்கு இல்லை, தண்ணீருக்கு என்று. உடனே இரண்டு பிளாஸ்டிக் டிரம் வாங்கி மொட்டைமாடிக் குழாயடியில் வைத்து மழைத் தண்ணீர் பிடித்தேன். (டிரம்மை மூடி, அதன் மேல் துணியும் கட்டினேன். திறந்து வைத்தால் டெங்குக் கொசு குடித்தனம் பண்ணிவிடும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் இதை மறக்கவே கூடாது.)

செடி தேறியது, ஆனால் பூ வரவில்லை.

ஊரில் ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் யூரியா போடு என்றார், போட்டேன். தழைத்துத் தள்ளியதே தவிர மொக்கு இல்லை. ஒருவர் டீத்தூள் என்றார். துருப்பிடித்த ஆணியைப் புதைத்து வை என்றார் இன்னொருவர், அதையும் செய்தேன். ஆணிதான் மிச்சம். பக்கத்து வீட்டு ஆபா ஒருவர், "அது பூக்கிற ஜாதியே இல்லை, உங்களை ஏமாத்திட்டாங்க" என்று முடிவே சொல்லிவிட்டார்.

விஷயம் விளங்கியது 2022 மே மாதத்தில். என் நாத்தனாரை ஏலகிரியில் அத்தனாவூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். லீவுக்குப் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போனபோது, ஒரு பங்களாவின் காம்பவுண்டு ஓரமாக நடந்தால்... என் கண்ணையே நம்ப முடியவில்லை. அதே செடி, பத்துப் பன்னிரண்டு கொத்துப் பூவோடு! ஊட்டி நீலம் இல்லை. நீலமும் ரோஜா நிறமும் கலந்த ஒரு கத்திரிப்பூ நிறம். கேட்டைத் தட்டி, தோட்டக்காரப் பெரியவரிடம் என் கதையை ஒப்பித்தேன். அவர் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "கவாத்து எப்பம்மா பண்றீங்க?"

"மார்கழியில. ரோஜாவோடு சேர்த்து."

"அப்ப பூவை நீங்களேதான் வெட்டிப் போடுறீங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்து கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். ரோஜா, புதுத் துளிரில் பூப்பது. வெட்ட வெட்டப் பூக்கும். இது அப்படியில்லை. போன வருஷத்துக் கிளையின் நுனியில், பனிக்காலத்துக்கு முன்னேயே மொக்கு உள்ளே உருவாகி, குளிர் முழுக்க மூடிக் கொண்டு தூங்கி, வெயில் வந்ததும் விரிவது. மார்கழியில் நுனியை வெட்டினால் கருவையே வெட்டின மாதிரி. பூ முடிந்த உடனே, வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுவதோடு சரி. அதற்குப் பிறகு கத்திரியைக் கையில் எடுக்கவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. அந்த மொக்கு உருவாக, பகல் குறுகுகிற நாட்களில், ஆறு வாரத்துக்குக் குறையாமல் 18 டிகிரிக்கும் கீழே குளிர் வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே குளிருக்கு என்ன பஞ்சம்? ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். அங்கேயும் ஐப்பசி பிறந்தால் ராத்திரிக்குக் கம்பளி வேண்டும். ஆம்பூரில்? ஐப்பசியில் மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராது. மார்கழியில் பத்து இருபது நாள் விடியற்காலை சில்லென்று இருக்கும், பத்து மணிக்கெல்லாம் வியர்க்கும். செடி பாவம், எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்றே தெரியாமல் நின்றிருக்கிறது. மேல்நாட்டிலேயே ஈஸ்டர் பண்டிகைக்கு இந்தப் பூவைத் தொட்டியில் விற்கிறவர்கள், ஆறு எட்டு வாரம் குளிர் அறையில் அடைத்து வைத்துத்தான் பிறகு வெளியே எடுப்பார்களாம்.

நமக்குக் குளிர் அறைக்கு எங்கே போவது? நாத்தனார்தான் வழி சொன்னாள். "ஏன் அண்ணி, தலைப்பிரசவத்துக்குப் பொண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பறதில்லையா? இங்கே கொண்டாந்து விடுங்க. அம்மா ஆசைப்பட்ட செடி. நான் பார்த்துக்கறேன்."

அதுதான் அந்தப் பஸ் பிரயாணம்.

பொன்னேரி தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரும் வள்ளல் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரதியார், திருவள்ளுவர், கம்பர், ஔவையார், பாரி, காரி, ஓரி என்று பலகையைப் படித்துக் கொண்டே போனால் குமட்டல் தெரியாது. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடமும் ஆச்சு. பாரி வள்ளல் முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தான். நான் இந்தச் செடிக்கு லக்கேஜ் டிக்கெட் கொடுத்தேன்! பாதி மலையில் காற்று மாறுவது முகத்தில் தெரியும். கீழே பார்த்தால் வயலும் ஏரியும் கட்டம் போட்ட புடவை மாதிரி விரிந்திருக்கும். ஏலகிரிக்கு ஊட்டியின் பகட்டு கிடையாது. புங்கனூர் ஏரியில் படகு, இயற்கைப் பூங்கா, வழியோரத்தில் பலாச்சுளையும் கொய்யாவும் தேனும். அவ்வளவுதான். கூட்டமும் விலையும் குறைவு. கைக்குழந்தைக்காரிகளுக்கு அதுவே சௌகரியம்.

நாத்தனார் வீட்டில் கிணற்றடிக்குப் பக்கத்தில், காலை வெயில் மட்டும் விழுகிற இடமாகப் பார்த்துத் தொட்டியை வைத்தோம். இலைமக்கும், நன்றாக அலசிப் பிழிந்த தென்னை நார்க்கழிவும், செம்மண்ணும் கலந்து மண் மாற்றினோம். (நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதிலும் உப்பு இருக்கும்.) யூரியாவுக்கு மட்டும் தடை உத்தரவு.

டிசம்பரில் ஒரு நாள் போன். "அண்ணி... செடி இலையெல்லாம் கொட்டிப் போச்சு. வெறுங்குச்சியா நிக்குது. செத்துப் போச்சு போல." அவள் குரலே அழுகிற மாதிரி இருந்தது. நான் அத்தையிடம் சொல்லவில்லை. பொங்கல் கழித்து ஓடினேன். இலை கொட்டித்தான் இருந்தது. குச்சியை நகத்தால் லேசாகக் கீறினேன், உள்ளே பச்சை! நுனியில் பார்த்தால், மற்ற கணுவில் இருப்பது போல ஊசிமொக்கு இல்லை. குழந்தையின் கட்டை விரல் பருமனில், குட்டி முட்டைக்கோஸ் மாதிரி மூடிக்கொண்டு நாலு மொக்கு. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து விட்டோம்.

2023 பிப்ரவரி நடுவில் ஊருக்குக் கொண்டு வந்தேன். கிழக்குப் பார்த்த திண்ணை ஓரத்தில் வைத்து மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். மார்ச் கடைசியில் டிரம் இரண்டும் காலி. வேறு வழியில்லாமல் காவிரித் தண்ணீர். இந்த முறை வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை; மொக்கை அவரும் பார்த்துவிட்டார் அல்லவா! ஒரு நாள் விடியற்காலை எழுந்து பார்த்தால் அவரே சொம்பும் கையுமாக நிற்கிறார். நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் மூன்று கொத்து மலர்ந்தது. நாலாவது கருகி விட்டது. வெயில் நாற்பதைத் தொடுகிற மதியத்தில் இலையெல்லாம் தொங்கிப் போய், பார்க்கவே வயிற்றைக் கலக்கும். உடனே தண்ணீரைக் கொட்டக் கூடாது. மண்ணில் விரல் விட்டு ஈரம் இருக்கிறதா பார்த்தால் போதும். இருந்தால் சாயங்காலம் தானே தலை தூக்கிவிடும்.

ஆனால் ஒரு விஷயம். பூ நீலமில்லை. நல்ல ரோஜா நிறம்! ஊட்டியில் நீலமாக இருந்த அதே செடி. மண்ணிலுள்ள அலுமினியத்தை வேர் உறிஞ்சினால் இந்தப் பூ நீலமாகுமாம். மண் புளிப்பாக இருந்தால்தான் உறிஞ்ச முடியும். தேயிலை விளைகிற நீலகிரி மண் புளிப்பு மண், அதனால் நீலம். எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து. அது மண்ணின் புளிப்பை முறித்துவிடுகிறது. எந்த ஊர்த் தண்ணீர் குடித்தோம் என்பதைப் பூவே சொல்லிவிடுகிறது, பாருங்கள்! நீலம் வேண்டுமென்றால் நாம் தண்ணீர் தெளிய வைக்கப் போடும் படிகாரமே கைகொடுக்கும், அதிலும் அலுமினியம்தான். ஒரு குடம் மழைத் தண்ணீரில் சின்ன நெல்லிக்காய் அளவு கரைத்து, மொக்குத் தெரியும் காலத்தில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை விடலாம். ஜாஸ்தி விட்டால் வேர் வெந்துவிடும். 2024-ல் இப்படி விட்டதில் முழு நீலம் வரவில்லை, ஏலகிரி கத்திரிப்பூ நிறம் வரைக்கும் வந்தது.

தாய்மார்களுக்கு ஒன்று. இந்தச் செடியின் இலையிலும் பூவிலும் விஷம் உண்டு. தவழும் குழந்தை வாயில் வைக்காத உயரத்தில் தொட்டி இருக்கட்டும். ஜப்பானில் சமையல் தட்டில் அலங்காரத்துக்கு வைத்த இலையைத் தின்று ஆட்கள் வாந்தி எடுத்ததுண்டு.

மலர்ந்த அன்றைக்கு அத்தையைக் கைத்தாங்கலாகத் திண்ணைக்கு அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். வெகு நேரம் பார்த்தார். நிறம் மாறியதை நான் விளக்க ஆரம்பித்தேன். கேட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை. மெல்லக் குனிந்து, ஒரு கொத்தை இரண்டு கையாலும் ஏந்தி முகர்ந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இதுல வாசனையே இல்லையே!"

ஐந்து வருஷம், மூன்று பஸ், இரண்டு டிரம் தண்ணீர்! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "தலையிலயும் வைக்க முடியாது போல" என்று வேறு சொன்னார். சொல்லிவிட்டு, "உள்ளே என் கட்டிலுக்கு எதிர்ல வைக்க முடியுமா? ராத்திரி முழிப்பு வந்தா பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றார். பகலெல்லாம் திண்ணையிலும், ராத்திரி கட்டிலுக்கு எதிரிலுமாக, மூன்று வாரம் அந்தத் தொட்டியைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப் போயிற்று.

இப்போது வருஷா வருஷம் செப்டம்பர் பிறந்தால் செடி மலைக்குப் போகிறது. அந்தக் கண்டக்டர் இப்போதெல்லாம் டிக்கெட் கிழிக்கும்போதே, "இந்த வாட்டி எத்தனையாவது பிரசவம்மா?" என்கிறார்.